நாலு நிமிடம் நாற்பது விநாடி

விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் ஏறினால்
கறுவாத்தோட்டம் மட்டும் ஓட்டோக்காரர் பேசமாட்டார்.
மாரா மரங்கள் இலையை மடித்தபடி நிற்கும்.
வாசல் காவலர் என் அடையாள அட்டையை அல்ல,
சாப்பாட்டுப் பெட்டியைத்தான் பார்ப்பார்.

ஐந்தரைக்குச் சங்கீதம்.
ஐந்து ஐம்பத்தைந்துக்கு மரண அறிவித்தல்.
நடுவில் கிடக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்குள்
ஒரு பிலஹரியை அடக்கவேண்டும்.

பழைய பெட்டியின் முதுகில் மை ஊறிய எழுத்து:
இராசமலர் அருணகிரி, வாய்ப்பாட்டு.
ஏப்ரல், எழுபத்திநாலு. 29.40.
நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியவர்கள்
அவ பெயரைப் பிழையாகத் தட்டியிருந்தார்கள்.
நீளம் மட்டும் சரி.

பதினோரு வருடமாக
ஒன்றரை மாதத்துக்கு ஒருதரம் அது வரும்.
மிருதங்கம் தனியே ஓடத் தொடங்கி
மூச்சுப் பிடிக்கிற இடத்தில்
என் சுட்டுவிரல் ஃபேடரைக் கீழே இறக்கும்.
இறக்குவதில் நான் கெட்டிக்காரி,
நித்திரைப் பிள்ளையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல.
பிறகு தொண்டையைச் செருமி,
இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும்
இன்ன தெருவை வதிவிடமாகவும் கொண்ட…

அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.
கேட்டிருக்கலாம். ஹெட்ஃபோன் இருக்கிறது, மத்தியானம் இருக்கிறது.
கேட்கவில்லை.
கடன் தந்தவர் வீட்டுத் தெருவால்
நாங்கள் போவதில்லைத்தானே.

இன்றைக்குப் பிரிண்டர் தாளை விழுங்கிவிட்டது.
லசந்தி கீழ்மாடிக்கு ஓடினாள்.
ஓடின வேகத்தில் ஒரு செருப்பு கழன்று
கலையகக் கதவடியில் கிடந்தது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.
ஐந்து ஐம்பத்தைந்து.
என் கையில் ஒரு சாவும் இல்லை.

விட்டேன்.

மிருதங்கம் மூச்சை விட்டது,
பதினோரு வருடமாய்ப் பிடித்திருந்ததை.
கோர்வை, ஒன்று, இரண்டு.
மூன்றாவதில் மனுசன் பிந்திவிட்டாரோ என்று நான் பதற
சமத்தில் வந்து குந்தினார்,
பஸ்ஸில் தன் சீற்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி.
பல்லவியைத் திரும்ப எடுத்தபோது
இராசமலரின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.
அறிவிப்பில் என்றால் பக்தி என்றிருப்பேன்.
களைப்புத்தான்.

கடைசிச் சட்ஜம். தம்புரா.
ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம்,
ஐம்பது வருடத்துக்கு முந்தின கொழும்புக் காகம்.
பிறகு, நாடாவை நிறுத்த மறந்த யாரோ ஒருவர் தயவில்
அவவின் குரல், பாடாத குரல்:
"இனி விசிறியைப் போடலாமோ?"

ஒலிவாங்கிக்கு இரைச்சல் என்று விசிறியை நிறுத்தி,
சித்திரை மாதம், சாத்தின அறையில்
அரை மணித்தியாலம் பாடியிருக்கிறா.
நான் குளிரூட்டியின் கீழே
சால்வையைப் போர்த்திக்கொண்டு
அவவை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொலைபேசி விளக்கு மினுங்கியது.
இடைநிரப்பு இசையை ஓடவிட்டு எடுத்தேன்.
தெஹிவளையிலிருந்து ஒருவர்.
"தங்கச்சி, இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லையோ?"
"பிரிண்டர் இறுகிப்போச்சு, ஐயா."
"ஓ."
வைக்காமல் நின்றார். இருமினார்.
"அந்த அம்மாவுக்கு விசிறி போட்டுக் குடுத்தவையோ?"

லசந்தி ஒற்றைச் செருப்போடு வந்தாள், கையில் ஆறு பேர்.
செய்தி வாசிக்கிறவர் கண்ணாடிக்கு வெளியே
மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார்.
ஆறு பேரையும் அவசரப்படாமல் வாசித்தேன்.
மருமக்களை, பேரப்பிள்ளைகளை,
கனடாவில் இருப்பவர்களை, ஒருவரையும் விழுங்காமல்.
ஆறு மணிச் செய்தி ஆறு ஐந்துக்குப் போனது.

பதிவேட்டில் நேரம் என்ற கட்டத்தில் 29.40 என்று எழுதினேன்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் சின்னது.
பிரிண்டர்
என்று எழுதினால் சரியாக நிரம்பும்.
நிரப்பினேன்.